ரொட்டி லிமிடெட்

பி.காம். படித்த யாரையாவது நடு ராத்திரியில் எழுப்பி, "கம்பெனின்னா என்ன?" என்று கேளுங்கள். "சட்டம் உண்டாக்கிய செயற்கை மனிதன். பங்குதாரர் செத்தாலும் அது சாகாது" என்று ஒப்பித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். (அடியேனும் பி.காம்.தான்.)

அதே பாடப் புத்தகத்தின் முதல் பாராவில் ஒரு வரி வரும். பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்று நாம் தாண்டிப் போன வரி. லத்தீனில் 'கோம்' என்றால் சேர்ந்து. 'பானிஸ்' என்றால் ரொட்டி. சேர்ந்து ரொட்டி தின்கிறவன் 'கம்பேனியன்'. அந்தக் கூட்டம்தான் கம்பெனி! பாலன்ஸ் ஷீட், ஆடிட்டர் எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட உறவுகள்.

பழைய ஜெர்மானியர்களும் இப்படித்தான் பேசினார்கள். கோத் மொழியில் தோழனுக்கு 'கஹ்லைபா' என்று பெயர். அதற்கும் 'ஒரே ரொட்டிக்காரன்' என்றுதான் அர்த்தம். இங்கிலீஷ் 'லார்டு' என்ன தெரியுமோ? பழைய இங்கிலீஷில் 'ரொட்டிக் காவலன்'! ஆக, ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தால் தோழன். காவல் காத்தால் துரை.

இரண்டையும் குழப்பிக்கொண்ட கம்பெனி ஒன்று உண்டு. 1600 டிசம்பர் 31-ல் எலிசபெத் ராணி சாசனம் கொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனி. 1770-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தபோதும், வரி வசூலை மட்டும் விடவில்லை. பெயரில் இருந்த ரொட்டி, ஜனங்களின் தட்டில் இல்லை. சாகாத அந்தச் செயற்கை மனிதனும் 1874-ல் போய்ச் சேர்ந்தான்.

நம்ம ஆட்கள்தான் அசல் அர்த்தத்தைக் காப்பாற்றுகிறார்கள். "டீ குடிக்கப் போறேன், கம்பெனி குடு மச்சி" என்கிறோமே, அது சுத்தமான லத்தீன் சார்!

நான் ஏழு வருஷம் கணக்கு எழுதிய இடம் ஒருநாள் ஷட்டரை இழுத்துவிட்டது. கடைசி மாதச் சம்பளம் வரவேயில்லை. மத்தியானம் ஒரே மேஜையில் டப்பா திறந்த நாலு பேரில் ஒருத்தர்தான் என் வீட்டு வாடகையைக் கட்டினார். ரிஜிஸ்டர் ஆன கம்பெனி போய்விட்டது. ரிஜிஸ்டர் ஆகாத கம்பெனி இன்னும் நடக்கிறது.

உங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர் யாராவது மூலையில் தனியாக டப்பாவைத் திறக்கிறாரா? கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். முதலீடு, ஒரு துண்டு ஊறுகாய் போதும்.