உங்கள் கைக்கு எந்த வாத்தியம்?

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பள்ளி மைதானங்களிலிருந்து மாலை வேளைகளில் 'டரட், டரட், டரட்டட்' என்று ஓர் ஓசை கேட்கத் தொடங்கும். ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்குப் பேண்டு வாத்தியக் குழு தயாராகிறது என்று பொருள். புதிதாகச் சேர விரும்பும் மாணவர்கள் தாழ்வாரத்தில் வரிசையாக நிற்பார்கள். உயரமான பையனா, அவன் கழுத்தில் பெரிய டிரம். குள்ளமானவனா, கையில் டிரையாங்கிள். பெண் பிள்ளைகள் என்றால் சிம்பல். மிச்சம் இருப்பவர்களுக்கு மிச்சம் இருக்கும் குழல். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். செருப்புக் கடையில்கூடக் காலை அளந்து பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்!

நான் படித்த பள்ளியில் எனக்கு அப்படித்தான் ஒரு பியூகிள் கிடைத்தது. இரண்டு மாதம் ஊதினேன். கன்றைப் பிரிந்த மாடு கத்துவதுபோல் ஒரே ஒரு சத்தம்தான் வந்தது. "உனக்குச் சங்கீதம் வராது" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வராதது சங்கீதம் அல்ல, உதட்டை இறுக்கும் வித்தைதான் என்பது பின்னாளில் பௌதிகம் படித்தபோது விளங்கியது. ஆனால் அதற்குள் பல ஆண்டுகள் போய்விட்டன.

ஒவ்வொரு வாத்தியமும் உங்கள் உடம்பிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. அது என்ன என்பதை அந்த வாத்தியத்தின் பௌதிகமே சொல்லிவிடும். காசு செலவில்லாமல் வீட்டிலேயே நாலு சோதனைகள் செய்து பார்ப்போமா?

பூவரச இலை

முதல் சோதனைக்கு ஒரு பூவரச மரம் போதும். இலையைப் பறித்துக் காம்பைக் கிள்ளிவிட்டு, இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் சற்றே நசுக்குங்கள். அந்த முனையை உதடுகளுக்கிடையே வைத்து ஊதுங்கள். 'பீப்பீ' என்று ஒலிக்கும். சின்ன வயதில் நீங்கள் எல்லோரும் செய்ததுதான். ஆனால் ஏன் ஒலிக்கிறது என்று யோசித்ததுண்டா?

நசுங்கிய முனையில் இலையின் இரு மடிப்புகள் மிக நெருக்கமாக எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின் இடையே காற்று விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. மடிப்புகள் ஒட்டிக்கொள்கின்றன. வழி அடைபட்டதும் காற்று நிற்கிறது. இலை தன் மீள்சக்தியால் மறுபடி விரிகிறது. மூடித் திறக்கும் இந்த வேலை நொடிக்குச் சில நூறு முறை நடக்கிறது. ஒரு சுருட்டைக் குட்டையாகவும் மற்றொன்றை நீளமாகவும் செய்து ஊதிப் பாருங்கள். குட்டையானது கீச்சென்றும் நீளமானது கனத்த குரலிலும் ஒலிக்கும். உள்ளே இருக்கும் காற்றுத் தம்பம் நீண்டால் சுருதி இறங்கும்.

நாதசுரத்தின் சீவாளி இதே தத்துவந்தான். இலைக்குப் பதில் ஆற்றங்கரையில் வளரும் கொறுக்கந்தட்டை என்னும் நாணல். அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை கொள்ளிடம். ஜெயங்கொண்டத்திலிருந்து அணைக்கரையைத் தாண்டிப் போனால் ஆடுதுறைக்கு அருகே நரசிங்கம்பேட்டை என்று ஓர் ஊர். நாதசுரம் கடைவதற்குப் பெயர்போன இடம். 2022-இல் இவ்வூர் நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இடித்த பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். பல பத்தாண்டுகள் ஈரம் வற்றிக் காய்ந்த மரம் வெடிக்காது, வளையாது என்பதே காரணம்.

பூவரசம் பீப்பீயை உங்களால் பத்து விநாடி விடாமல், ஒரே சுருதியில் ஊத முடிகிறதா? அப்படியானால் நாணல் வாத்தியங்கள் உங்களுக்கு ஒத்துவரும். நாதசுரம், கிளாரினெட், சாக்சபோன் எல்லாம் இந்தக் குடும்பம். கிளாரினெட்டிலும் சாக்சபோனிலும் நாணல் இரண்டல்ல, ஒன்றுதான். அது ஊதுவாயின் மேல் அடித்து அதிர்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நாதசுரத்தின் குழல் மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு. சாக்சபோனும் கூம்பே. கூம்பில் சற்று அழுத்தி ஊதினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே தாவும். அதாவது அதிர்வெண் இரண்டு மடங்காகும். ஆகவே பெரும்பாலும் கீழ்ஸ்தாயிக்குக் கற்ற விரல் பழக்கமே மேல்ஸ்தாயிக்கும் உதவும். கிளாரினெட்டோ ஒரு முனை மூடிய நேர்க்குழல்போல் நடந்துகொள்கிறது. அதில் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை மேற்சுரங்களே வலுவாக எழுகின்றன. அழுத்தினால் அதிர்வெண் மூன்று மடங்காகத் தாவுகிறது. எனவே மேலே போகும்போது விரல் பழக்கமே மாறிவிடுகிறது. கிளாரினெட் எடுப்பவர்களுக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அந்தப் பொறுமையோடு கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்துப் புகழ்பெற்றவர் திருச்சி ஏ. கே. சி. நடராஜன். அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கத்ரி கோபால்நாத்தின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் தென் கன்னட மாவட்டத்தில் நாதசுரக் கலைஞர் ஒருவரின் மகன். சிறு வயதில் மைசூர் அரண்மனை பேண்டில் ஒருவர் சாக்சபோன் ஊதக் கேட்டார். இதுதான் என் வாத்தியம் என்று முடிவு செய்துவிட்டார். கமகங்கள் நிறைந்த நம் இசைக்குச் சாவிகள் நிறைந்த அந்தக் கருவியைப் பழக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அவர் கையில் வாத்தியத்தை யாரும் திணிக்கவில்லை. காதுதான் தேர்ந்தெடுத்தது.

சோடா பாட்டில்

வெறும் பாட்டிலின் வாயில் உதட்டைக் கிடையாக வைத்து, விளிம்பின்மேல் படுமாறு ஊதுங்கள். 'பூம்' என்று ஒலி வருகிறதா? புல்லாங்குழலுக்கு வேண்டிய உதட்டு வாகு உங்களுக்கு இருக்கிறது. உடனே வராவிட்டாலும் கவலை வேண்டாம். கோணத்தை மாற்றி மாற்றி ஊதுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு உட்காருங்கள். காற்று ஏராளமாக வீணாகும் வாத்தியம் இது. ஊதும் மூச்சில் பாதி குழலுக்கு வெளியேதான் போகிறது.

புல்லாங்குழல் இரு முனையும் திறந்த குழலைப் போன்றது. அதன் அலை நீளம் ஏறக்குறையக் குழலின் நீளத்தைப்போல் இரு மடங்கு. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள காற்றுத் தம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலை இறைவணக்க நேரத்தில் வெப்பநிலை 25 டிகிரி என்றால் ஒலியின் வேகம் நொடிக்கு 346 மீட்டர். அதை 0.8 மீட்டரால் வகுத்தால் அதிர்வெண் சுமார் 432 ஹெர்ட்ஸ். பிற்பகல் மூன்று மணிக்குப் பெரம்பலூர் வெயிலில் 35 டிகிரி. ஒலியின் வேகம் 352 மீட்டர். இப்போது அதிர்வெண் 440! நிழலில் இருந்த குழலையும் வெயிலில் கிடந்த குழலையும் சேர்த்து ஊதினால் நொடிக்குச் சுமார் எட்டு விம்மல்கள் கேட்கும் என்று கணக்கு சொல்கிறது. ஊதும் மூச்சின் வெப்பம் இந்த வேறுபாட்டை ஓரளவு குறைக்கும். ஆனாலும் அணிவகுப்பில் குழல்கள் ஒத்துப்போகவில்லை என்றால் பிள்ளைகளைத் திட்டுமுன் குழல்களை எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்பது நல்லது.

குதிரை உதடு

குதிரை 'ப்ர்ர்ர்' என்று உதட்டைப் படபடக்கச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். உதடுகளை இறுக மூடி, நடுவில் மட்டும் காற்றை விட்டு, அதையே இன்னும் மெல்லியதாகச் செய்து பாருங்கள். கொசு ரீங்காரம்போல் ஓசை வந்தால் பியூகிளும் டிரம்பெட்டும் உங்களை அழைக்கின்றன. இவற்றில் சீவாளி கிடையாது. உங்கள் உதடுகளே சீவாளி.

பியூகிள் என்பது சுருட்டிய பித்தளைக் குழாய். நீட்டினால் சுமார் நாலரை அடி இருக்கும். ஓட்டை இல்லை, சாவி இல்லை. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அந்தக் காற்றுத் தம்பத்தின் மேற்சுரங்களை மட்டுமே எழுப்ப முடியும். வழக்கமாக வாசிக்கப்படுபவை 2, 3, 4, 5, 6 என்ற விகிதத்தில் உள்ள ஐந்து சுரங்கள். நம் கணக்கில் சொன்னால் ச, ப, மேல் ச, அந்தர காந்தாரம், மேல் ப. ரிஷபமும் மத்தியமமும் இல்லை. பியூகிளில் சினிமாப் பாட்டு வாசிக்க ஆசைப்பட்டால் ஏமாந்துதான் போவீர்கள். 1810-களில் ஜெர்மனியில் வால்வைக் கண்டுபிடித்த பிறகுதான் பித்தளைக் குழல்களில் எல்லா சுரங்களும் எளிதாக வந்தன. வால்வை அழுத்தினால் காற்று கூடுதல் குழாய் வழியாகச் சுற்றிப் போகிறது. தம்பம் நீள்கிறது, சுருதி இறங்குகிறது. தடித்த உதடு ஆகாது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். இதற்கு வேண்டியது பழகிய தசையும் கூர்ந்த காதும். அடுத்து வரும் சுரத்தை மனத்தில் கேட்காமல் அதை ஊத முடியாது.

தொடையில் தாளம்

இடக்கையால் தொடையில் மூன்று தட்டு. அதே நேரத்திற்குள் வலக்கையால் இரண்டு தட்டு. ஒரு நிமிடம் பிசகாமல் தட்டினால் நீங்கள் டிரம் பக்கம் போகலாம். உயரம் எதற்கு? பெரிய டிரம்மைச் சுமக்க வலு வேண்டுமென்பது உண்மை. ஆனால் தாளம் தோளில் இல்லை. டிரையாங்கிளையும் சிம்பலையும் கூச்சம் உள்ளவர்களுக்கென்று ஒதுக்குவதும் தவறு. ஒரு தட்டு தவறினாலும் மைதானம் முழுவதற்கும் தெரிவது அவற்றில்தான்!

இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டும்போது எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் போகின்றன. ஆகவே டிரம்முக்குத் தெளிவான சுருதி இல்லை. மிருதங்கத்துக்கு மட்டும் எப்படி வந்தது? திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன் 1920-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார். வலந்தலையின் நடுவே அப்பிய கரணை என்னும் கருப்பு வட்டத்தின் பாரம் அந்த அதிர்வெண்களை 1, 2, 3 என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று கண்டார்.

பள்ளி பேண்டின் பக்கமே வராத ஒரு வாத்தியம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அது பறை. மரச் சட்டத்தில் தோலை ஒட்டி, வாசிக்குமுன் வைக்கோல் தீயில் காய்ச்சுவார்கள். சூடு பட்டதும் தோலில் உள்ள ஈரம் போகிறது. தோல் சுருங்கி இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. சைடு டிரம்மில் திருகாணி செய்யும் வேலையை இங்கே நெருப்பு செய்கிறது. இன்ன சாதியார்தான் இதைத் தொட வேண்டும், அவர்களும் சாவு வீட்டில்தான் அடிக்க வேண்டும் என்று மனிதர்கள் வைத்த கட்டளை தோலுக்குத் தெரியாது. மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஊதுவது ஆண்கள் வேலை என்றார்கள். மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் நாதசுரம் ஊதியே பேர் வாங்கினார். காலீஷாபி மகபூப் தம் கணவருடன் இணையாக நாதசுரம் வாசித்து 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். வாத்தியம் பங்கிடும் நாளில் உங்கள் பெயரைப் பார்த்தோ பாவாடை சட்டையைப் பார்த்தோ ஒன்றை நீட்டினால், "நான் மற்றதையும் ஒரு வாரம் வாசித்துப் பார்க்கிறேன், சார்" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

டிரம் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 85 டெசிபல் ஓசையை நாளுக்கு எட்டு மணி நேரம்வரை காது தாங்கும் என்பது ஆய்வாளர் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரந்தான். மூடிய வகுப்பறையில் நாலு சைடு டிரம்களை ஒன்றாக அடிக்க வேண்டாம். மரத்தடிக்குப் போங்கள். பஞ்சு அடைத்தால் போதாது. நுரை அடைப்பான் வாங்குங்கள். வீட்டில் பழக, பலகையில் ஒட்டிய சைக்கிள் டியூப் போதும். ஊதுபவர்கள் ஒருவர் வாயில் வைத்ததை மற்றவர் அப்படியே வாங்கி ஊதக் கூடாது. ஊதுவாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

சோதனையில் தேறிவிட்டீர்கள், ஆனால் பள்ளியில் அந்த வாத்தியம் இல்லை. என்ன செய்வது? பெரம்பலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், குரலிசை, தேவாரம், பரதம் ஆகியவற்றை அங்கே மூன்று ஆண்டுகள் கற்றுத் தருகிறார்கள். 12 முதல் 25 வயதுவரை சேரலாம். அங்கே போகும்போது பாட்டிலும் பூவரச இலையும் தேவையில்லை. ஆனால் போவதற்கு முந்தின நாள் மாலை அந்தப் பத்து விநாடிச் சோதனையை இன்னொரு தடவை செய்துவிட்டுப் போங்கள்.