பிளஸ் 2 முடித்ததும் ஐ.ஐ.எம். படிப்பு! தர்மபுரிப் பிள்ளைகள் சேர என்ன வழி?

ஐ.ஐ.எம். என்பது, பெரிய கம்பெனிகளை நடத்த ஆள் தயார் செய்யும் மத்திய அரசுக் கல்வி நிலையம். பட்டம் வாங்கியவர்கள்தான் அதில் சேரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய கதை!

மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் என்று ஒரு நகரம். அங்கே உள்ள ஐ.ஐ.எம்., 2011-ல் ஒரு புதுப் படிப்பைத் தொடங்கியது. பிளஸ் 2 முடித்ததுமே சேரலாம். ஐந்து வருடம் படித்தால் எம்.பி.ஏ. பட்டம். மூன்று வருடத்தோடு பி.ஏ. பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரவும் வழி உண்டு. 2019-ல் ரோத்தக் ஐ.ஐ.எம்.மும் இப்படிப்பட்ட படிப்பைத் தொடங்கியது. பிறகு ராஞ்சியும், ஜம்முவும், புத்தகயாவும் தொடங்கின.

அதே 2011-ல் மக்கள் தொகைக் கணக்கு எடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கணக்கில், தமிழ்நாட்டு மாவட்டங்களில் தர்மபுரிதான் கடைசி. அங்கிருந்து ஒரு பிள்ளை இந்தூருக்குப் போக முடியுமா?

முடியும். ஆனால், பத்தாம் வகுப்பிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும். இந்தூரில் சேர, பத்தாம் வகுப்பிலும் பிளஸ் 2விலும் தேறியிருக்க வேண்டும்.

ஆங்கிலம்தான் கண்டம்

முதலில் கம்ப்யூட்டரில் நுழைவுத் தேர்வு. கணக்கில் இரண்டு பகுதி, ஆங்கிலத்தில் ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்குச் சரியான விடை தந்தால் 4 மார்க். தப்பான விடைக்கு 1 மார்க் போய்விடும். விடையை நாமே எழுதும் கணக்குப் பகுதியில் தப்புக்குத் தண்டனை இல்லை. அதில் ஒரு கேள்வியையும் விடக்கூடாது!

ஒவ்வொரு பகுதியிலும் குறைந்த அளவு மார்க் எடுத்தாக வேண்டும். கணக்கில் புலி என்றாலும், ஆங்கிலத்தில் விழுந்தால் வெளியேதான். தமிழில் படித்த பிள்ளைகள் பயப்படுவது இங்கேதான். இலக்கணப் புத்தகத்தை உருப்போட்டு இதைத் தாண்ட முடியாது. தினமும் ஓர் ஆங்கிலப் பத்திரிகை படிக்க வேண்டும். ஒரு பக்கம் போதும்; ஆனால், இரண்டு வருடம் விடாமல் படிக்க வேண்டும். பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்பது, பாதி கோச்சிங்குக்குச் சமம்.

தக்காளியைப் பற்றிப் பேசு!

தேர்வில் தேறினால் நேர்முகப் பேட்டி.

அமெரிக்கக் கல்லூரிகள், மாணவன் தன்னைப் பற்றி எழுதிய கட்டுரையையும், அவன் செய்த வெளி வேலைகளையும் பார்க்கும். அதைக் கேட்டு, சிலர் இங்கேயும் மூட்டை மூட்டையாகச் சர்ட்டிபிகேட் சேர்க்கிறார்கள். காசுக்குக் கேடு! பேட்டியில், "உன் ஊர் எது? அங்கே என்ன தொழில்?" என்று கேட்பார்கள்.

"தர்மபுரி, சார். விவசாயம், சார்" என்று சொல்லி நின்றுவிட்டால் போச்சு.

பாலக்கோட்டில் தக்காளிச் சந்தை இருக்கிறது. சில மாதம் விலை ஏறுகிறது; சில மாதம் பறிகூலிக்குக்கூடத் தேறுவதில்லை. ஏன்? விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் நடுகிறார்கள். எல்லாக் காயும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறது. தக்காளியோ காத்திருக்காது! இதை விளக்கி, "நான் வியாபாரி என்றால் இப்படிச் செய்வேன்" என்று ஒரு யோசனையும் சொல்லும் பிள்ளையை யாரும் மறக்க மாட்டார்கள். தர்மபுரி அரசுப் பட்டுக்கூடு அங்காடியில் ஒரு நாள் நின்று ஏலத்தைப் பார்த்தாலும், பேசுவதற்கு விஷயம் கிடைக்கும்.

பணம்?

செலவு வருடத்துக்குச் சில லட்சம். சாதாரணக் குடும்பம் மலைத்துப் போகும். ஆனால், 2024 நவம்பரில் மத்திய அரசு 'பி.எம். வித்யாலட்சுமி' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இதில் சொத்து அடமானமும், ஜாமீன்தாரரும் இல்லாமலே வங்கிக் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையுள்ள கடனுக்கு 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும்.

கடனே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஷஹீத் சுக்தேவ் வணிகக் கல்லூரி. செலவு பல மடங்கு குறைவு. அதற்கு எழுதும் 'கியூட்' தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

தாசில்தார் சான்றிதழ்

பெற்றோர்களே, இது உங்கள் வேலை!

நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் ஐ.ஐ.எம்.மில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அங்கே ஓ.பி.சி.க்கு 27 சதவீத இடம். வருமான வரம்பு 8 லட்சம். நிலத்தில் விளைந்த வருமானம் அந்தக் கணக்கில் சேராது.

சித்தேரி மலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்குரிய 7.5 சதவீத இடத்துக்கும் சான்றிதழ் வேண்டும்.

இ-சேவை மையத்தில் மனு கொடுக்கலாம். ஓ.பி.சி. சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கல்லூரி அறிவிப்பில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மனுப் போடுங்கள். பிள்ளையின் பெயரும், தகப்பனார் பெயரும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும்.