மூன்றரைக் குன்றிமணி

'ரவை' என்றால் நம் சங்கத்து மாமிகளுக்கு உப்புமாதான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது ஏர் பிஸ்டலில் போடும் ஈய ரவை. துக்ளகாபாத்தில் இருக்கும் டாக்டர் கர்ணி சிங் ரேஞ்சுக்கு மகளை அழைத்துக்கொண்டு நாலு வருஷமாக அலைகிறேன். துப்பாக்கியை நான் தொட்டதில்லை. ஆனாலும் யோசனை சொல்லாமல் இருக்க முடியுமா?

பத்து மீட்டர் போட்டியில் 60 முறை சுட வேண்டும், மொத்தம் 600. பத்து மதிப்பெண்ணுக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அதைச் சுற்றி 8 மில்லிமீட்டருக்கு ஒரு வளையம். இறுதிச் சுற்றில் பத்தில் ஒரு பங்கையும் விடாமல் எண்ணுவார்கள், 0.1 என்பது 0.8 மில்லிமீட்டர். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் 221.7 எடுத்து வெண்கலம் வாங்கினாரே, அவருக்கும் வெள்ளிக்கும் நடுவே நின்றது அந்த 0.1தான்.

ரவையின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். நம் ஊர்த் தட்டார்கள் தங்கம் நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். பிஸ்டலுக்கு வழக்கமாகப் போடுவது 7 கிரெய்ன், அதாவது 0.45 கிராம், மூன்றரைக் குன்றிமணி. ரைபிளுக்கு 8.2 கிரெய்ன்.

போன வருஷம் டில்லி மாநிலப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நண்பர், "கனமான ரவைதான் காற்றில் அலையாமல் நேராகப் போகும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒரு டப்பாவில் 500 வீதம், பத்து டப்பா வாங்கிவிட்டேன். 560 எடுத்துக்கொண்டிருந்த பெண் 548க்கு இறங்கினாள். "ராத்திரியெல்லாம் மொபைலைப் பார்த்தால் கை நடுங்காமல் என்ன செய்யும்?" என்று கத்தினேன். அவள் பதில் பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்பா, எனக்கு இது வேண்டாம்ப்பா, விட்டுடலாம்" என்றாள்.

கோச் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "சார், கூரைக்குக் கீழே பத்து மீட்டரில் காற்று எங்கிருந்து வரும்?"

அவர் விளக்கியது இதுதான். பிஸ்டலில் ரவை வினாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. தள்ளும் காற்றின் சக்தி அதேதான். எடை கூடினால் வேகம் குறையும். இலக்கை அடைவதற்குள் ரவை இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தாழ்கிறது. கனமான ரவை இன்னும் நாலு மில்லிமீட்டர் போலத் தாழும், அரை வளையம். இதைக் குறிமுள்ளைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது வேறு. மெதுவாக நகரும் ரவை குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறது. ட்ரிகரை அழுத்திய பிறகும் அந்த நேரம் முழுக்கக் கை அசையக் கூடாது. ரைபிளைத் தோளில் அணைத்துப் பிடிக்கிறார்கள். பிஸ்டல் நீட்டிய ஒற்றைக் கையில் நிற்கிறது.

25 மீட்டரில் .32 பிஸ்டல் சுடுகிறவர்கள் 98 அல்லது 100 கிரெய்ன் மொட்டைத்தலைக் குண்டை மெதுவான வேகத்தில் சுடுகிறார்கள். தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் நாடுகளில் எடையை மாற்றினால் மருந்தின் அளவையும் அந்த எடைக்குரிய அட்டவணையைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அங்கே என்னைப் போன்றவர்களின் யோசனை விரலைக் கொண்டுபோய்விடும்.

கோச் துப்பாக்கியை இடுக்கியில் பூட்டினார். கை படாமல் இரண்டு ரவையிலும் ஐந்தைந்து சுட்டார். பழைய ரவை ஐந்தும் ஒரே ஓட்டை, ஓரம் கத்தரித்த மாதிரி. கனமானது விரிந்து விழுந்தது. குழலுக்கும் ரவைத்தலைக்கும் உள்ள பொருத்தமும் இதில் சேரும், 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் தலைகள் கிடைக்கின்றன. வேறொரு பிஸ்டலில் முடிவு வேறாக இருக்கலாம். அதனால்தான் அட்டையில் அச்சிட்டதை நம்பாமல் பூட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். பிடித்துப்போனால் அதே லாட்டில் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

அந்த இரண்டு அட்டைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். "அப்போ என் கை இல்லையாப்பா?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு அவளே என்னை எழுப்பினாள். போட்டியில் 563.

(ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்கக் கூடாது என்பதையும் பெற்றோர் கவனிக்க.)

எட்டு டப்பா 8.2 கிரெய்ன் ரவை பிரிக்காமல் பரணில் இருக்கிறது. சங்கத்தில் யார் வீட்டிலாவது ரைபிள் சுடும் பிள்ளை இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன். வாங்குமுன் ஐந்து ரவை பூட்டிச் சுட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.