திரும்பி வராத 11 கப்பல்கள்: தரங்கம்பாடி சொல்லும் முதலீட்டுப் பாடம்

கடற்கொள்ளைன்னதும் நமக்கு ஜாக் ஸ்பாரோவும் புதையல் பெட்டியும்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு அதையெல்லாம் ஓரமா வச்சிட்டு, அவங்க கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். ஏன்னா, அந்தக் கப்பல்களுக்குப் பின்னாடியும் பணம் போட்டவங்க இருந்தாங்க. அதுல ஒரு கதை நம்ம தரங்கம்பாடியிலயே நடந்திருக்கு.

1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரங்க தரங்கம்பாடிக்கு வர்றாங்க. அவங்க கட்டின டேன்ஸ்பர்க் கோட்டையை இன்னைக்கும் போய்ப் பார்க்கலாம். பணம் போட்டது டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி. அந்த ஊர் ராஜாவும் வியாபாரிகளும் பங்கு வாங்கின கம்பெனி. மிளகு, கிராம்பு வாங்கிட்டுப் போய் ஐரோப்பாவுல விக்கணும், அதான் பிளான்.

நீங்க அப்போ கோபன்ஹேகன் துறைமுகத்துல நிக்கறீங்கன்னு வச்சுக்கோங்க. மிளகு மூட்டையோட ஒரு கப்பல் வந்து நிக்குது. பார்த்த உடனே பணம் போடத் தோணும். ஆனா 1622-க்கும் 1637-க்கும் நடுவுல டென்மார்க்ல இருந்து கிளம்பின கப்பல் 18. திரும்பி வந்தது 7. மீதி 11 கப்பலை அந்தத் துறைமுகத்துல நின்னு உங்களால பார்க்கவே முடியாது.

பாடம் 1: வராத கப்பலையும் எண்ணுங்க

புரியறதுக்கு ஒரு சின்னக் கணக்கு. கப்பலுக்கு 100 ரூபாய் வீதம் 18 கப்பலுக்கு 1,800 ரூபாய் போட்டிருக்கீங்க. திரும்பி வந்த 7 கப்பலும் ரெட்டிப்பாத் தருது. கையில வர்றது 1,400. ஒவ்வொரு கப்பலும் "டபுள் ஆச்சு"ன்னு கதை சொல்லும், உங்களுக்கு மட்டும் 400 ரூபாய் நஷ்டம்.

நான் இருக்கிறது விருத்தாசலம் பக்கத்துல நல்லூர். இந்தப் பக்கம் செராமிக் யூனிட் வச்சிருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். சூளையில வச்சதெல்லாம் முழுசா வெளிய வராது. விரிசல் விட்டதையும் சேர்த்துத்தான் விலை போடணும். நல்லா வந்த பொம்மையை மட்டும் எண்ணி விலை போட்டா, சீக்கிரமே யூனிட்டை மூட வேண்டியதுதான்.

இப்போ உங்க போனுக்கு வாங்க. 2024 செப்டம்பர்ல செபி ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2021-22-ல இருந்து 2023-24 வரைக்கும் மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல லாபம் பார்த்தவங்க 1 சதவீதம்தான். ரீல்ஸ்ல வர்ற லாப ஸ்க்ரீன்ஷாட், திரும்பி வந்த கப்பல். விட்டவங்க யாரும் ரீல்ஸ் போடறதில்ல.

பாடம் 2: விட்டதைப் பிடிக்கப் போகாதீங்க

தரங்கம்பாடிக்கே திரும்புவோம். கம்பெனி கடன்ல மூழ்கிட்டு இருக்கு. 1642-ல் இங்க இருந்த டேனிஷ்காரங்க முகலாயர்கள் மேல போர்னு அறிவிச்சு, வங்காளக் கப்பல்களைப் பிடிக்க ஆரம்பிச்சாங்க. வங்காளத்துல எங்களுக்கு வந்த நஷ்டத்துக்கு ஈடுன்னு காரணம் சொன்னாங்க. கையில கொஞ்சம் காசும் வந்துச்சு.

ஆனா கம்பெனி பிழைக்கல. 1650-ல் கலைச்சிட்டாங்க. 1639-ல் கிளம்பின கப்பல்களுக்கு அப்புறம், 1669 வரைக்கும் டென்மார்க்ல இருந்து அடுத்த கப்பலே வரல. கடைசியில கோட்டையில மிஞ்சினது எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கேன்னு ஒரே ஒரு டேனிஷ்காரர். உள்ளூர் ஆட்களை வச்சுக்கிட்டு, கப்பல் பிடிச்சே கோட்டையைக் காப்பாத்தினார். வங்காளத்தோட சமாதானம் 1698-ல்தான் வந்துச்சு. கிழக்குக் கரையோட பெரிய சந்தையோட 56 வருஷம் பகை.

நஷ்டம் வந்த அன்னைக்கே பெரிய லாட் எடுத்து மீட்டுடலாம்னு தோணுது பாருங்க, அது இதே மனநிலைதான். பழைய நஷ்டம் போயிருச்சு. புதுசா போடற ஒவ்வொரு ரூபாயையும் தனியா யோசிச்சுத்தான் போடணும்.

பாடம் 3: கேரண்டி கொடுத்தவன் எங்கிருந்து தருவான்?

அதே நூற்றாண்டோட கடைசி, இந்தியாவோட மேற்குக் கரை. கேப்டன் வில்லியம் கிட் 1696-ல் கடற்கொள்ளையரைப் பிடிக்க அரசாங்க அனுமதியோட கிளம்பினவர். பணம் போட்டது இங்கிலாந்துப் பிரபுக்கள், பேரை வெளிய காட்டிக்கல. ஒப்பந்தத்தைக் கவனிங்க. கப்பல் எதுவும் சிக்கலைன்னா, போட்ட பணத்தைக் கிட்டும் அவர் கூட்டாளியும் திருப்பித் தரணும். மாலுமிகளுக்குச் சம்பளம் கிடையாது, பிடிச்சாத்தான் பங்கு.

முதலீட்டாளருக்கு ரிஸ்க்கே இல்லாத மாதிரி தெரியுதுல்ல? ஆனா அந்த அழுத்தம் முழுக்கக் கப்பல்ல இருந்தவங்க தலையில. 1698 ஜனவரி 30 அன்னைக்கு, மலபார்க் கரைப் பக்கம் ஆர்மீனிய வியாபாரிகளோட சரக்கு ஏத்தின 'குவேடா மெர்ச்சன்ட்' கப்பலைக் கிட் பிடிச்சார். அதுல பிரெஞ்சு பாஸ் இருந்துச்சு, அதனால சட்டப்படி செல்லும்னு வாதாடினார். எடுபடல. 1701-ல் லண்டன்ல தூக்குல போட்டாங்க. பணம் போட்ட பெரிய மனுஷங்க அவரைக் கைகழுவிட்டாங்க.

"மாசம் 10 சதவீதம், கேரண்டி"ன்னு யாராவது சொன்னா, அந்தப் பணம் எங்கிருந்து வரும்னு கேளுங்க. பெரும்பாலும் அடுத்து சேர்றவரோட பாக்கெட்ல இருந்துதான். அனுமதி இல்லாம டெபாசிட் வாங்கறதுக்கு எதிரா 2019-ல இருந்தே தனிச் சட்டம் இருக்கு. செபியில பதிவு செஞ்ச ஆலோசகர் லாபத்துக்கு உத்தரவாதம் தரவே கூடாது.

பாடம் 4: அடிபட்டவருக்கு முதல்ல எடுத்து வைங்க

இது கொள்ளையர்கள் உருப்படியா செஞ்ச ஒரு விஷயம். 18-ஆம் நூற்றாண்டு பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் கப்பல்ல எழுதி வச்ச விதி இருந்துச்சு. சண்டையில கை, கால் போனவருக்குப் பொது நிதியில இருந்து 800 வெள்ளிக்காசு. அடி படும்னு தெரிஞ்சே அதுக்குப் பணம் ஒதுக்கினாங்க. நமக்கு அதோட பேரு அவசர நிதி, ஹெல்த் இன்சூரன்ஸ், டேர்ம் இன்சூரன்ஸ். எஸ்ஐபி எல்லாம் அதுக்கப்புறம்.

இனிமே யாராவது லாபக் கதை சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மொத்தம் எத்தனை கப்பல் கிளம்புச்சு?" பதில் வரலைன்னா உங்க பணம் உங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.