இரத்தத்தை நிறுத்தும் பஞ்சு

பருத்தியை விளைவிப்போரும் அதனை நூலாக்கி நெய்வோரும் மக்களின் மானத்தைக் காக்கும் தொழிலைச் செய்கின்றனர் என்பது யாவரும் ஒப்பும் உண்மை. அதே பருத்தி உயிரையும் காக்கின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அறுவைச் சிகிச்சையில் பெருகும் இரத்தத்தை நிறுத்த மனிதன் கையாண்ட பொருள்களின் வரலாற்றில் பருத்திக்குத் தனியிடம் உண்டு. அதனை நம் உறுப்பினர்கள் அறிந்துகொள்வது நலம்.

தீயும் நூலும்

இரத்தம் தானே உறையும் இயல்பினது. சிறு காயமாயின், அறுபட்ட குழாய் சுருங்கும். இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் துளையை அடைக்கும். பின்னர் ஃபைப்ரின் என்னும் நுண்ணிய இழைகள் வலைபோற் பின்னி அவ்வடைப்பை உறுதிப்படுத்தும். ஆனால் பெரிய குழாய் அறுபட்டால், விரைந்தோடும் இரத்தம் அடைப்பு உறுதிப்படுமுன்னரே அதை அடித்துச் சென்றுவிடும். ஆதலின் வெளியிலிருந்து உதவி வேண்டியதாயிற்று.

நம் நாட்டின் பண்டை ரண சிகிச்சை நூலாகிய சுச்ருத சம்ஹிதை இதற்கு நான்கு வழிகளைக் கூறுகின்றது. துவர்ப்புச் சரக்குகளால் காயத்தைக் கூடச் செய்தல், குளிர்ச்சியால் இரத்தத்தை உறையச் செய்தல், சாம்பலிடுதல், இறுதியாகச் சூடிடுதல் என்பன அவை. ஐரோப்பாவிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பே நெடுங்காலம் பயன்பட்டது. அது இரத்தத்தை நிறுத்தியது. ஆயினும் நல்ல தசையையும் கருக்கிற்று.

குழாயை நூலால் கட்டலாம் என்பது ரோமானியர் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. எனினும், உறுப்பை நீக்கும் சிகிச்சையில் சூட்டுக்கோலை விலக்கி நூலைப் புகுத்திய பெருமை பிரெஞ்சு நாட்டு அம்ப்ருவாஸ் பாரே என்பவரைச் சாரும். 1552ஆம் ஆண்டு டாம்விலேர் முற்றுகையின்போது அவர் இம்முறையைக் கையாண்டார். பெரிய குழாய்களுக்கு இன்றளவும் நூற்கட்டே முதன்மையான வழிகளுள் ஒன்றாகும்.

பஞ்சிலுள்ள மெழுகு

நூலால் கட்ட இயலாத சிறு குழாய்கள் பல உண்டு. ஈரல் முதலிய மெல்லிய உறுப்புக்களில் இரத்தம் ஓரிடத்தினின்று பீறிடாமல் பரவலாகக் கசியும். அங்கே பஞ்சையோ துணியையோ வைத்து அழுத்துவதே வழி. ஆனால் செடியிலிருந்து எடுத்த பஞ்சு இதற்கு உதவாது. அதன் இழைமேல் இயற்கையான மெழுகு படிந்திருப்பதால் அது நீரை ஏற்பதில்லை. ஒரு கிண்ணம் நீரில் சிறிது பஞ்சை இட்டுப் பார்ப்பவர், அது நெடுநேரம் மிதப்பதைக் காண்பர். மருத்துவப் பஞ்சோ பத்து வினாடிக்குள் மூழ்கவேண்டும் என்பது விதி.

ஜெர்மனியைச் சேர்ந்த விக்டர் வான் புருன்ஸ் என்னும் ரணவைத்தியர் 1868ஆம் ஆண்டளவில் கொழுப்பு நீக்கிய பஞ்சைப் புகுத்தினார். 1880இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து சாம்ப்ஸன் காம்ஜி, இரு காஸ் துணிகளுக்கிடையே பஞ்சை வைத்த கட்டினை வெளியிட்டார். பாவும் ஊடையும் நெருக்கமின்றி நெய்யப்படும் இந்தக் காஸ் துணி உலகின் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் பரவிற்று. நம் நாட்டில் இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பாண்டேஜ் துணி நெசவுக்குப் பேர்பெற்ற ஊராகும்.

எடுத்தாலும் தீங்கு, விட்டாலும் தீங்கு

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. துணியை எடுக்குங்கால் அதனோடு ஒட்டிய உறைகட்டியும் பெயர்ந்து, இரத்தம் மீண்டும் பெருகும். எடுக்காமல் உள்ளே விட்டாலோ, பருத்தியைச் சீரணிக்க மனித உடலுக்கு வன்மை இல்லை. அது சீழோ கட்டியோ ஆகும். இதனாலேயே அறுவைக்கு முன்னும் பின்னும் துணிகளை எண்ணிச் சரிபார்க்கின்றனர்; எக்ஸ்ரேயில் தெரியும் இழையொன்றையும் துணியில் சேர்க்கின்றனர்.

1892இல் விக்டர் ஹார்ஸ்லி தேன்மெழுகோடு வாதுமை எண்ணெயும் ஸாலிஸிலிக் அமிலமும் கலந்து, எலும்பின் கசிவை அடைக்கும் மெழுகை வெளியிட்டார். 1911இல் ஹார்வி குஷிங், மூளைக் குழாய்களைக் கவ்வும் சிறு வெள்ளிக் கவ்விகளைப் பற்றி எழுதினார். இவை மிகவும் பயன்பட்டன. ஆயினும் இவையும் உடலில் கரைவன அல்ல.

கரையும் பஞ்சு

இரண்டாவது உலக யுத்த காலத்தில் விடை கிடைத்தது. அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடாக் ஆராய்ச்சிச்சாலையின் யாக்கெல், கென்யான் என்னும் இரசாயனிகள், பருத்தியின் மூலப்பொருளாகிய செல்லுலோஸை நைட்ரஜன் டை ஆக்ஸைடு வாயுவால் மாற்றும் முறையை 1942இல் வெளியிட்டனர். அவ்வாறு பக்குவப்படுத்திய பஞ்சு பார்வைக்குப் பஞ்சாகவே இருக்கும். ஆனால் அதன் தன்மை அமிலமாகிவிடும். காரத்தன்மையுள்ள நீர்மத்தில் அது கரையும். நம் இரத்தமும் சிறிது காரத்தன்மை உடையதன்றோ? கொலம்பியா பல்கலைக்கழகத்து டாக்டர் வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் அம்மையார், இப்பஞ்சை உடலுக்குள்ளேயே விட்டுவிடலாம் என்று ஆராய்ந்து 1943இல் அறிவித்தார்.

இரத்தம் பட்டவுடன் இப்பஞ்சு கருத்துக் கூழ்போலாகிக் கசிவிடத்தில் ஒட்டிக்கொள்கின்றது. சில வாரங்களில் உடலால் உட்கொள்ளப்படுகின்றது. இதன் அமிலத்தன்மை கிருமிகளையும் ஒடுக்குகின்றது. 1960ஐ ஒட்டி, பருத்திக்கு மாற்றாக ரேயான் இழையைப் பின்னி அவ்வாறே பக்குவப்படுத்திய துணி வந்தது. ரேயானும் செல்லுலோஸே. இதற்கும் எல்லை உண்டு: இப்பொருள் ஊறினால் பருக்கும்; ஆதலின் எலும்புகளிடை நரம்பு செல்லும் குறுகிய இடத்தில் மிகுதியாக விட்டுவைப்பது தீது.

1945இல் ஜெலடின் கடற்பஞ்சும், 1970களில் கொலாஜன் பொடியும், ஃபைப்ரின் பசையும் துணைவந்தன. 2008 முதல் அமெரிக்கப் படை மருத்துவத்தில் கயோலின் என்னும் வெண்களிமண் சேர்த்த காஸ் துணி இடம்பெற்றது. பொருள்கள் பெருகினும், வைத்து அழுத்தத் துணி வேண்டியே இருக்கின்றது.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

வயலில் அரிவாளும் தறியருகே கருவிகளும் காயம் செய்வது இயல்பு. அப்போது சாம்பல், காப்பித்தூள், சிலந்திவலை, மென்ற புகையிலை ஆகியவற்றை அப்புதல் பழைய வழக்கம். இவற்றின் மூலம் ஏற்புவலிக் கிருமி புகக்கூடும். ஆதலின் இவற்றை அறவே விலக்குக. தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, கையால் விடாது அழுத்துக. இரத்தம் நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கலாகாது. எடுத்தால் உறைகட்டி பெயரும் என்பதை மேலே கண்டோம். அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குச் சென்று, ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் கேட்டறிக.

பாண்டேஜ் துணி நெய்யும் உறுப்பினர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. கஞ்சியோ மெழுகோ நீங்காத துணி இரத்தத்தை உறிஞ்சாது. காஸ்டிக் சோடாவில் நன்கு வேகவைத்தலும், வெளுத்தலும், அலசுதலும் வெறும் பார்வைக்கான வெண்மைக்காக அல்ல. தாம் அறியாத ஒருவர் அறுவை மேசையில் கிடக்கும் வேளையில் அத்துணி தன் கடமையைச் செய்யவேண்டும். சங்கத்தின் தரச் சோதனையில் துணித்துண்டு நீரில் மிதக்குமாயின், அம்மூட்டையைத் திருப்பி அலசச் செய்வதே முறை.