கூதிரும் முன்பனியும்

குளிர்காலம் என்று நாம் ஒரு சொல்லால் அடக்குவதைப் பழந்தமிழர் கூதிர், முன்பனி, பின்பனி எனப் பகுத்துணர்ந்தனர். அவற்றுள் முன்னைய இரண்டின் வேறுபாடு உழவர் மனையிலே நன்கு விளங்கும். சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டிச் சமவெளியைச் சான்றாகக் கொள்வோம்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வடகிழக்குப் பருவமழையோடு வாடை வீசுதலின் ஈரத்தாற் குளிர் மிகும். மாடுகள் கட்டுத்தரையில் ஒடுங்க, குடும்பம் அடுப்படியை நாடும். நெடுநல்வாடையிற் கோவலர் தீயிற் கை காய்தலும், நகர மனையிற் சுருக்கிய விசிறி சிலம்பி நூல் படிந்து தொங்குதலும், முதியரும் இளையரும் தண்ணீரை வெறுத்துத் தடவின் நெருப்பை நாடுதலும் இக்குளிரின் விளைவுகளே.

மார்கழியும் தையும் முன்பனி. மேகமற்ற இரவில் நிலம் வெப்பத்தை விரைந்து இழக்க, காற்றின் ஈரம் துளியாய்ப் படியும். ஆயினும் இஃது அறுவடைக் காலம். முற்றிய கொள்ளு வெயிலில் உலர்ந்தால் நெற்று வெடித்து மணி சிதறும். பனியில் நனைந்திருப்பின் சிதறாது. ஆதலின் குடும்பத்தார் வைகறையிலே எழுந்து, சருகு மூட்டிக் குளிர்காய்ந்து, வெயிலேறுமுன் செடியைப் பிடுங்குவர்; உலர்ந்தபின் களத்தில் அடிப்பர்.

கூதிர் உழவரை மனையுள் இருத்தும். முன்பனி அவரை வெளியே அழைக்கும். இரண்டையும் ஒன்றாக்கி உரை காண்பதும், பனி என்பதை உறைபனியாக மொழிபெயர்ப்பதும் பொருந்தா என்க.