காவிரிப் படுகைச் சரணாலயங்களைக் காண உகந்த பருவம்

காவிரிப் படுகையில் அமைந்துள்ள பறவைகள், வனவிலங்கு சரணாலயங்களைக் காண உகந்த பருவம் பொதுவாக நவம்பர் முதல் பிப்ரவரி வரையான காலமாகும். எனினும், இப்பருவத்தின் தொடக்கமும் முடிவும் ஆண்டுதோறும் மாறுகின்றன. மேட்டூர் அணையிலிருந்து காவிரியில் திறக்கப்படும் நீர், வடகிழக்குப் பருவமழை, வலசைப் பறவைகளின் வருகை ஆகிய மூன்றும் இதனை முடிவு செய்கின்றன. இக்கட்டுரை தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள பாபநாசம் பகுதியிலிருந்து சென்றுவரக்கூடிய சரணாலயங்களைக் கொண்டு இப்பருவத் தேர்வை விளக்குகிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள பாபநாசம் வேறு ஊராகும்.

பின்னணி

தமிழ்நாட்டில் கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா ஆகிய ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. இவற்றுள் எதுவும் காவிரிப் படுகையில் இல்லை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்திற்கும் இடையே, குடமுருட்டி ஆற்றின் கரையில் அமைந்த பாபநாசத்தைச் சுற்றிலும் காடுகள் இல்லை. நெல்வயல்களும் ஆறுகளும் வாய்க்கால்களுமே உள்ளன. படுகையின் காட்டுயிர் பெரும்பாலும் பாசன ஏரிகளையும் கடற்கரைச் சதுப்பு நிலங்களையும் சார்ந்தது. ஆகவே மலைக்காடுகளுக்குப் பொருந்தும் பருவ விதிகள் இங்குப் பொருந்துவதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகளில் பிப்ரவரி முதல் காட்டுத்தீ அச்சம் தொடங்குகிறது. அக்காலத்தில் வனத்துறை மலையேற்றத்தையும் சில இடங்களில் நுழைவையும் தடை செய்வதுண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட தீயில் மலையேறச் சென்ற பலர் உயிரிழந்தனர். படுகையிலோ ஆபத்தான காலம் கோடையன்று. புயல்கள் கரையேறும் நவம்பர், திசம்பர் மாதங்களே ஆகும். பறவைகள் மிகுந்து காணப்படுவதும் அதே மாதங்களில்தான்.

பருவத்தை முடிவு செய்பவை

மேட்டூர் நீர்

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. குறுவைப் பயிருக்காக ஆண்டுதோறும் சூன் 12 அன்று அணையைத் திறந்து, சனவரி 28 அன்று மூடுவது வழக்கமாகும். ஆனால், அணையில் நீர் இருப்பைப் பொறுத்தே திறப்பு அமைகிறது. 2017இல் அக்டோபர் 2 அன்றும், 2019இல் ஆகத்து 13 அன்றும், 2024இல் சூலை 28 அன்றும் அணை திறக்கப்பட்டது. 2022இலோ மே 24 அன்றே திறக்கப்பட்டது.

திறந்த நீர் கல்லணையை அடைந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து, இறுதியில் ஏரிகளை நிரப்புகிறது. ஏரிகள் நிரம்பிய பின்னரே மீன், நத்தை, நீர்ப்பூச்சிகள் பெருகுகின்றன. அவற்றை உண்ணும் பறவைகள் அதன் பிறகு கூடுகின்றன. எனவே அணை திறந்த நாளுக்கும் ஏரியில் பறவைகள் நிறையும் நாளுக்கும் இடையே சில மாத இடைவெளி உண்டு.

வடகிழக்குப் பருவமழை

தென்மேற்குப் பருவமழை பொழியும் சூன் முதல் செப்டெம்பர் வரை, தமிழகக் கடற்கரை மலைகளின் மழை மறைவில் உள்ளது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. படுகையில் இதன் பங்கு மேலும் அதிகம். இம்மழை ஏரிகளை நிரப்புவதுடன், கடலோரச் சதுப்பு நிலங்களின் உப்புத்தன்மையையும் குறைக்கிறது.

வலசை

மத்திய ஆசியா, சைபீரியா முதலிய பகுதிகளில் குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறைவதால் பறவைகள் தெற்கு நோக்கி வருகின்றன. உள்ளான் வகைப் பறவைகள் ஆகத்து, செப்டெம்பர் மாதங்களிலேயே கரையோரம் வரத் தொடங்குகின்றன. வாத்து வகைகள் பின்னர் வருகின்றன. பெரும்பாலானவை மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்பிவிடுகின்றன.

சரணாலயங்களும் பருவங்களும்

வடுவூர் பறவைகள் சரணாலயம்

திருவாரூர் மாவட்டத்தில், தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் சுமார் 25 கி.மீ. தொலைவில் வடுவூர் உள்ளது. இங்குள்ள பாசன ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வழக்கமான ஆண்டில் ஆகத்து முதல் திசம்பர் வரை இவ்வேரி நீர் பெறுகிறது. ஏப்ரல் முதல் சூலை வரை வறண்டு கிடக்கும். அரிவாள் மூக்கன், கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், ஊசிவால் வாத்து, இலைக்கோழி முதலியவற்றை இங்குக் காணலாம். நவம்பர், திசம்பர் மாதங்களில் பறவைகளின் எண்ணிக்கை உச்சத்தை அடைகிறது. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடப்படும் மே மாதத்தில் வருவோர் வெடித்த ஏரித்தரையையே காண நேரிடும்.

உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம்

திருத்துறைப்பூண்டி அருகில் உள்ள இச்சிறிய சரணாலயம் நத்தை குத்தி நாரைகளுக்குப் பெயர் பெற்றது. நடுவில் இடைவெளி கொண்ட அலகால் நத்தை ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுக்கும் இந்நாரைகள், வயல்களில் நத்தை மிகுந்திருக்கும் மழைக்காலத்தில் கூடு கட்டுகின்றன. கூடுகளைக் காண அக்டோபர் முதல் சனவரி வரையான காலம் ஏற்றது.

கரைவெட்டி பறவைகள் சரணாலயம்

கொள்ளிடத்திற்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் அமைந்த பெரிய ஏரியாகும். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக மேட்டூர் நீரைப் பெறுகிறது. 2024 சனவரியில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளை இங்குக் குளிர்காலத்தில் காணலாம். இவற்றுக்காக வருவோர் திசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை வருவது நலம்.

கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வங்காள விரிகுடாவும் பாக்கு நீரிணையும் சந்திக்கும் முனையில் அமைந்துள்ள இச்சரணாலயம் 1967இல் ஏற்படுத்தப்பட்டது. இதனை உள்ளடக்கிய 38,500 எக்டேர் பரப்பு 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாயிற்று. உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, சதுப்பு நிலம், உப்பளங்கள் ஆகியவை அடுத்தடுத்து இருப்பதால் இங்கு ஒரே பருவத்தைச் சிறந்ததெனக் கூற இயலாது. பூநாரைகளையும் பிற நீர்ப்பறவைகளையும் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரையான காலம் ஏற்றது. வெளிமான், புள்ளிமான், மட்டக்குதிரை முதலியவற்றை ஆண்டு முழுவதும் காணலாம். மார்ச் முதல் நீர்க்குட்டைகள் வற்றுவதால், எஞ்சிய நீர்நிலைகளின் அருகே விலங்குகளைக் காண்பது எளிதாகும்.

தை அமாவாசையன்றும் ஆடி அமாவாசையன்றும் கடல் நீராடப் பெருந்திரளான மக்கள் கோடியக்கரைக்கு வருகின்றனர். உயிரினங்களைக் காண வருவோர் அந்நாட்களைத் தவிர்ப்பது நல்லது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, காட்டின் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. மான்களும் பறவைகளும் மடிந்தன. ஆதலால் பயணத்திற்கு முன்பு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்புகளைக் கவனிப்பது இன்றியமையாதது.

மாத வாரியாக

சூன் – செப்டெம்பர்: குறுவை, சம்பா நடவுக் காலம். ஏரிகளில் பறவைகள் குறைவு. உழவு நடக்கும் வயல்களில் கொக்குகள், அரிவாள் மூக்கன்கள் ஆகியவற்றைப் பாபநாசம் பகுதியிலேயே காணலாம்.

அக்டோபர் – நவம்பர்: மழைக்காலம். உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டும். சாலைகள் வெள்ளத்தால் துண்டிக்கப்படக்கூடும்.

திசம்பர் – சனவரி: உள்ளூர்ப் பறவைகளும் வலசைப் பறவைகளும் சேர்ந்து காணப்படும் காலம். மார்கழியில் விடியற்காலைப் பனிமூட்டத்தால் பார்வைத் தொலைவு குறையும்.

பிப்ரவரி – மார்ச்: சம்பா அறுவடை முடிந்து ஏரி நீர் குறையும். ஆழம் குறைந்த நீரில் எஞ்சிய பறவைகள் நெருங்கி நின்று இரை தேடும்.

ஏப்ரல் – மே: ஏரிகள் வறண்டிருக்கும். கோடியக்கரையில் விலங்குகளைக் காணலாம்.

எந்த மாதமாயினும் விடிந்தது முதல் ஒன்பது மணி வரையும், மாலை நான்கு மணிக்குப் பின்னரும் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும்.

நீர்ப் பங்கீடும் பருவமும்

வடுவூர், கரைவெட்டி ஆகியவை பறவைகளுக்காக வெட்டப்பட்ட ஏரிகள் அல்ல. அவற்றின் நீர் முதலில் பாசனத்திற்கு உரியது. அணை தாமதமாகத் திறந்து மழையும் பொய்த்த ஆண்டில், உழவர் நீரை விரைவாகப் பயன்படுத்த நேரிடும். அவ்வாண்டில் பறவைகளின் வருகை குறைவதுடன், கூடு கட்டிய பறவைகள் குஞ்சு வளர்ந்து முடிவதற்குள் ஏரி வற்றுவதும் உண்டு.

இதே நிலை இராசத்தானிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவிலும் ஏற்பட்டது. அப்பூங்காவின் ஈரநிலமும் அணைகளிலிருந்து திறந்துவிடப்படும் நீரைச் சார்ந்ததாகும். 2004இல் உழவர்களின் எதிர்ப்பால் பாஞ்சனா அணையின் நீர் பூங்காவிற்கு வருவது பெரிதும் குறைந்தது, பறவைகளும் குறைந்தன. பயணக் கையேடுகளில் அப்பூங்காவிற்கு உகந்த மாதங்களாகக் குளிர்கால மாதங்களே குறிக்கப்படுகின்றன. நீர் வராத ஆண்டில் அக்குறிப்பால் பயனில்லை.

பறவைகளுக்கு இடையூறின்றிக் காணுதல்

பார்வையாளருக்கு மிகவும் உகந்த காலம், பறவைகளுக்கு மிகவும் இக்கட்டான காலமுமாகும். கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை பறந்துவிடும். அவ்வேளையில் காகங்களும் பருந்துகளும் முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்ந்து செல்லும். தீபாவளியும் கூடு கட்டும் பருவத்திலேயே வருகிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சி அகலாதிருக்கத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஏரிக்கரையிலும் பார்வைக் கோபுரத்திலும் நின்று தொலைநோக்கியால் காண்பதே சிறந்த முறையாகும்.

பயணத்திற்கு முன் அறிய வேண்டியவை

பாபநாசம் பகுதியிலிருந்து செல்வோர் நாளைக் குறிக்கும் முன்பு, அவ்வாண்டு மேட்டூர் அணை எப்போது திறக்கப்பட்டது, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை எவ்வாறு பெய்தது, ஏரியில் தற்போது நீர் உள்ளதா என்பவற்றை அறிந்துகொள்ள வேண்டும். முதலிரண்டு செய்திகள் நாளிதழ்களில் வெளிவருகின்றன. மூன்றாவதை வனத்துறை அலுவலகத்திலோ ஏரிக்கரை ஊர்களின் உழவர்களிடமோ கேட்டறியலாம். தம் வயலுக்கு மதகு திறக்கும் நாளை எதிர்நோக்கியிருப்பதால், ஏரியின் நீர்மட்டத்தை அவர்கள் நன்கு அறிவர்.